எட்டாவது டிராக்கின் காற்று

காற்றுக்கென்று தனியாகச் சத்தம் கிடையாது, சார். இலையோ கதவோ கம்பியோ, அது எதன் மீதாவது மோத வேண்டும். வெட்டவெளியில் மைக்கை நீட்டினால் குடுகுடுவென்று ஓர் உளறல்தான் பதிவாகும். இரண்டு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்தது அந்த உளறலைத்தான்.

அது என் முதல் ஆல்பம். ஒரு காடு விடிவதிலிருந்து இருட்டும் வரை. பாட்டு கிடையாது, கம்ப்யூட்டரும் சின்தசைசரும் வைத்து எட்டு டிராக். ஏழு முடிந்திருந்தது. எட்டாவதைக் கேட்டுவிட்டு வெளியீட்டாளர் சிரித்தார்.

"மழை இருக்கு, தவளை இருக்கு. காத்து மட்டும் டேபிள் ஃபேன் மாதிரி இருக்கேம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

என்னோடு படித்தவர்கள் வீட்டில் பியானோ இருந்தது. எங்கள் வீட்டில் இருமல் இருந்தது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா கல் உடைக்கும் ஆலையில் முப்பது வருடம் இருந்தவர். தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. அந்த முதலாளியை இந்த ஸ்டேஷன் நாற்காலியில் யாரும் உட்கார வைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அடுத்த அறையிலிருந்து அவர் மூச்சு கேட்டது, மூங்கில் தோப்புக்குள் காற்று நுழைவது போல. எந்த மலையிலும் அப்படியொரு காற்றை நான் கேட்டதில்லை. மைக்கை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன கண்ணு, நான் பாடவா போறேன்?"

"சும்மா மூச்சு விடுப்பா, போதும்."

"அதைத்தான் பொறந்ததுலேருந்து ஓசியில விட்டுட்டிருக்கேன். இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?"

இன்ஹேலர் அடித்ததும் மூச்சு சீராகிவிடும், காற்று நின்றுவிடும். அதனால் ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டேன். நன்றாகவே வந்தது. ஆனால் டிராக்குக்குப் பதினொரு நிமிடம் தேவை. வியாழக்கிழமை இன்ஹேலரை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆச்சா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டினார். என் வேலைக்கு அவர் எப்போதும் மரியாதை கொடுப்பார்.

ஒலி நின்றதும் கையை அசைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதன் வால் அடங்க ஒரு நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் முடிவு துண்டாகக் கேட்கும். அப்பாவின் மூச்சு நின்றது. அறுபது வரை எண்ணினேன். பிறகு இன்ஹேலரை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, டிராக்கை அனுப்பினேன்.

எந்திர இரைச்சலில் முப்பது வருடம் அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள்கூட ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அவரைக் கேட்கிறார்கள். ஒரு மகள் இதைவிட என்ன செய்துவிட முடியும்? ஆல்பத்தில் நான் எதையும் மறைக்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் "கண்ணு, குடுத்துடும்மா" என்று வருவதை மட்டும் வெட்டினேன். காட்டுக்குள் மனிதக் குரல் கேட்கக் கூடாது.