செப்புத் தகட்டில் நான் போட்ட கோடுகள்

மே மாதத்தில் எங்கள் அடையாறு ஆய்வுக்கூடத்தில் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வியர்வை தேறும். அதற்கு இந்த விசாரணை அறை எவ்வளவோ தேவலை, ஐயா.

டாக்டர் பத்ரிநாராயணன் அங்கே தலைமை விஞ்ஞானி. நான், ஜவஹர், பட்டறை மெக்கானிக். பழுக்கக் காய்ந்த உலோகத்தைத் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் குளிர வைப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. தகடு அளவுக்கு மீறிச் சுட்டால் தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. அடியில் ஆவி மெத்தைபோல் தாங்கிக்கொள்ள, முத்து முத்தாக மேலே ஓடும். சூடு குறையாது. பார்க்க வருகிறவர்களுக்கு டாக்டர் இதைத்தான் காட்டுவார். ஆவி படியுமென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தகட்டுக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்துக்கொண்டு டம்ளர் தண்ணீரைக் கவிழ்ப்பார்.

"எப்படி ஆடறது பாருங்கோ" என்பார்.

ஒன்பது வருடம் அந்தச் செப்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்தவன் நான். ஒருநாள் பழைய தகடொன்றில் நெருக்கமாக மெல்லிய கோடுகள் போட்டுச் சூடேற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஓடவில்லை. தகட்டைக் கவ்விக்கொண்டு வெடித்துக் கொதித்தது. என் முழங்கை வெந்துபோயிற்று. ஆனால் தகடு மளமளவென்று குளிர்ந்தது.

"சார், தண்ணி இன்னா புடி புடிக்குது, வந்து பாருங்க" என்று போய்ச் சொன்னேன்.

"நீ அரம் பிடிக்கறவன், ஜவஹர். தேய்ச்சு வை, போறும்" என்று சிரித்தார். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அதே சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தொண்ணூற்று நாலு மே பதினேழாம் தேதி டில்லியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். காலையிலேயே தகட்டை மாற்றிக் கோடு போட்டதை வைத்துவிட்டேன்.

"தேய்ச்சாச்சா?"

"ஆச்சு சார்."

அவர் கண்ணாடி என் கையில் இருந்தது. தகடு முந்நூற்றைம்பது டிகிரி. அவர் குனிந்தபோது சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நான் சொல்லி எப்போது கேட்டிருக்கிறார்?

கொதிநீர் அவர் முகத்தில் அடித்தது. எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் மீட்டரைப் பார்த்தேன். நாலு விநாடியில் நூற்றைம்பது டிகிரி இறங்கியிருந்தது. அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வேண்டுமென்றேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது என்கிறார்கள். தண்ணீர் ஏன் ஓடவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். யாராவது போய் அந்த நாலு விநாடியைச் சொல்லுங்கள், ஐயா. விஞ்ஞானி அல்லவா, சந்தோஷப்படுவார்.