ஈயம் தெரிஞ்சா போதும்

— வந்துருச்சு பாரு. உன் துப்பாக்கிக் குழலை அடைச்சுக்கிட்டு இருந்தது இதுதான். கையை நீட்டு.

— என்னண்ணே இது, விரலுக்குப் போடுற உறை கணக்கா இருக்கு?

— தோட்டாவோட செம்பு உறைடா. உள்ள இருந்த ஈயம் மட்டும் பிதுங்கிப் பறந்துருச்சு, உறை குழல்லயே நின்னுடுச்சு. இன்னொரு தடவை விசையை இழுத்திருந்தா குழல் வெடிச்சு உன் மூஞ்சியே இருந்திருக்காது. அடிப்பக்கம் ஏற்கெனவே திறப்பு, முனையையும் அராவித் திறந்துட்டியா?

— கோவிச்சுக்காதீங்க ஹெல்மர் அண்ணே. லேசாத்தான்.

— த்தூ! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம உன் அசிங்கத்தைக் குடைஞ்சு எடுத்துக்கிட்டு இருக்கேன். லேசாவாம்!

— சட்டம் அப்படித்தானேண்ணே சொல்லுது? முழுசா செம்பு மூடின பட்டாளத்துத் தோட்டாவால மானைச் சுடக்கூடாது, முனையில ஈயம் தெரியணும். உலகச் சண்டை முடிஞ்சு மூணு வருஷம் ஆகியும் விஸ்கான்சின் பூரா வேட்டைத் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. வீட்ல பட்டாளத்துது இருபது சும்மா கிடந்துச்சு. அரத்தை எடுத்தேன், ஈயம் தெரிஞ்சுது. நேத்து ரேஞ்சரே கையில வாங்கிப் பாத்துட்டு, "சரி, போ ஆர்லோ"ன்னுட்டார்.

— அந்தாளு கண்ணுல கொள்ளியை வைக்க. மானுக்கு வதையில்லாம உயிர் போகணும்னுதாண்டா சட்டம். ரேஞ்சருக்கு ஈயம் காட்டுறதுக்கா? சரி, பட்டுச்சா?

— பட்டுச்சு.

— எங்க?

— தாடையில.

— விழுந்துச்சா?

— கீழ்த்தாடை தொங்கத் தொங்க சதுப்புக்குள்ள ஓடிருச்சுண்ணே. இருட்டுற வரைக்கும் ரத்தத்தைப் பாத்துக்கிட்டே போனேன். நடுவுல ஒரு தடவை நின்னு திரும்பிப் பாத்துச்சு, வாயிலேருந்து...

— போதும். இனி அது ஒரு வாய் இலை கடிக்க முடியுமா? பட்டினி கிடந்து கிடந்து சாகும். உன்னோட ஒரே மேசையில உக்காந்து தின்னிருக்கேனேன்னு இருக்குடா எனக்கு. டப்பாவைக் கொண்டா. அத்தனையும் இனி வெடிக்காதபடிக்கு இந்த எண்ணெய் வாளிக்குள்ள போகுது.

— இந்தாங்க.

— இருபதுன்ன. இதுல பதினாலுதான் இருக்கு. நீ சுட்டது ஒண்ணு. மீதி அஞ்சு?

— காபி ஊத்தவா அண்ணே?

— அஞ்சு எங்கடா?

— ஒரு ஆளுக்குக் குடுத்தேன். அதே ரகத் துப்பாக்கி. கேட்டுச்சு, குடுத்தேன். காசு கீசு வாங்கலண்ணே.

— எப்ப?

— இன்னிக்கு விடியும்போது, ஏரிக்கரை வேட்டைக் குடிசைக்குப் போற வழியில. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து குழலைத் துடைக்கும்போதுதான் அடைச்சிருக்கிறதே தெரிஞ்சுது.

— மணி பத்தாகப் போகுது! தெரிஞ்ச உடனே அங்க ஓடாம எங்கிட்ட வந்து நிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?

— வெடிக்கும்னு நீங்க சொல்லித்தானேண்ணே தெரியும்?

— அந்த ஆளு ஒரு வேட்டோட நிறுத்துற ஆளா?

— இல்லண்ணே. போன வருஷம் மானைத் தப்பவிட்டதுக்குக் குடிசையில எல்லாரும், குறி தவறினவங்களைக் கேலி பண்ற வழக்கப்படி, சட்டையோட பின்துணியை வெட்டி, பேரை எழுதி, சுவத்துல அடிச்சுட்டாங்க. அந்த ரோசம். "இந்தத் தடவை அஞ்சையும் அடுத்தடுத்து விட்டுருவேன்"னு சொல்லிட்டுத்தான் போச்சு.

— ஐயோ, பாவி! எந்திரி. வண்டியை எடுக்கிறேன், நீ வழி காட்டு. யாருடா அது?

— கோவிச்சுக்காதீங்க...

— பேரைச் சொல்றா!

— உங்க மவதாண்ணே, இங்கா. வெள்ளிக்கிழமை முதல்ல உங்ககிட்டதான் வந்து கேட்டுச்சாம். அலமாரியில நல்ல தோட்டா நாலு டப்பாவை வச்சுக்கிட்டே, "பொட்டச்சிக்கு எதுக்குடி வேட்டை"ன்னு வெறுங்கையோட அனுப்பிட்டீங்களாம்.