மலை ரோடா, நேர் ரோடா

இரவு இரண்டே முக்கால் மணி. மலைப்பாதை. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது... தார் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னால் ஒரு வண்டி இல்லை. கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒவ்வொரு வளைவிலும் களக்... களக்... என்று புரண்டது. அந்த நேரத்தில், சிக்னலே இல்லாத அந்த இடத்தில், அத்தையின் மடியில் கிடந்த போன் அடித்தது.

இங்கிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பின்னால் போகிறேன். அந்த விளக்கைத் தணித்துவிட்டுக் கிட்டே வாருங்கள். நாளைக் காலையில் எந்த ரோட்டில் போவது என்று சாப்பிடும்போது ஆளாளுக்குக் கத்தினீர்களே, அப்போதே இது நினைவுக்கு வந்துவிட்டது. சொல்லலாமா, வேண்டாமா என்றிருந்தேன்.

என் கூட்டாளி ஒருவனுடைய அத்தைக்கு நடந்தது. அவர் பஸ் டிப்போவில், டைம் டேபிள் பிரிவில், முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். எந்த ரோட்டில் எத்தனை வளைவு, எந்தப் பாலத்துக்கடியில் மாடி பஸ் நுழையாது, எல்லாம் அவருக்கு விரல்நுனியில். சொந்தத்தில் யார் எங்கே கிளம்பினாலும் பெட்ரோல் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள். பெயரே மேப் அத்தை.

"உங்க அத்தை சொல்லலைன்னா நான் குளிக்கப் போறப்பகூட வழி தப்பிடுவேன்டா" என்பார் மாமா. மாமா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற, நல்ல மனுஷர்.

ஒரே மகள். பல் டாக்டர். வெளியூரில் வேலை. அவளும் அப்படித்தான், அம்மாவைக் கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டாள். ஒரு மழை ராத்திரியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கும் பெட்ரோல் பங்கில் நின்று கூப்பிட்டாள். வாயில் பிஸ்கட்டை மென்றுகொண்டே பேசினாள்.

"அம்மா, மலை ரோடா, நேர் ரோடா?"

அத்தை அரைத் தூக்கத்தில் இருந்தார். ஆனால் அவருக்கு வழி சொல்ல விழித்திருக்க வேண்டியதில்லை.

"மலை ரோட்டுல வா. மழையில நேர் ரோடு பூரா லாரி. கண்ணு கூசும்."

"சரிம்மா. நீ தூங்கு."

ஒன்பதாவது வளைவில் மண் சரிந்து கிடந்தது.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அத்தை யாருக்கும் வழி சொல்லவில்லை. கேட்டால், "தெரியலப்பா" என்று போனை வைத்துவிடுவார். மேப்புகளையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டாகிவிட்டது. ஒன்பதாவது வளைவில் மாமா ஒரு கல்லை நட்டு வெள்ளையடித்தார். அத்தை அன்றைக்கு ஒரு நாள் போனதுதான். அந்த மலைப்பக்கம் மறுபடி போகவில்லை. "நீ சொன்னதால இல்லடி, எத்தனை தடவை சொல்றது" என்று மாமா ஆறு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். எதிரே இருப்பவர் காதில் விழுந்தால்தானே.

பிறகு மாமா பட்டறையை மூடினார். ஒரு பழைய வேனை வாங்கி எட்டு மாசம் அதற்குள்ளேயே கிடந்தார். கேரவன் செய்துவிட்டார். கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை, குளிக்க ஓரிடம், கக்கூஸ், எல்லாம் உள்ளேயே. ஒரு நாள் சாவியை அத்தையின் முன்னால் வைத்தார்.

"ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். வடக்கே அந்தக் கடைசி கலங்கரை விளக்கம் வரைக்கும். நீ வழி சொல்லு, நான் ஓட்டறேன்."

"போனைக் கேளுங்க. அது சொல்லும்."

"அது சொல்ற வழியில வீட்டை ஓட்டிட்டுப் போக முடியுமாடி? அதுக்கு நம்ம வண்டி கார்னு நினைப்பு. ஏதாவது சந்துல கொண்டுபோய் சொருகிடும்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று மாமா பிற்பாடு சொன்னார்.

மேப்புகள் கீழே இறங்கின. மூன்று வாரம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். கடலோர ரோடு வேண்டாம், பக்கக்காற்று இந்த உயரமான வண்டியைத் தள்ளும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மாமாவின் முதுகு தாங்காது. தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது, எல்லாம் எழுதினார். அந்த ஒரு இடத்தில்தான் பென்சில் நின்றது. ரோடு பிரிகிற இடம். அங்கிருந்து வடக்கே போக இரண்டே வழி. அத்தை நேர் ரோட்டில் கோடு போட்டார். தொண்ணூறு கிலோமீட்டர் கூடுதல். போகட்டும். அந்த ஒரு நாள் மட்டும் பகலில் தூங்கி ராத்திரியில் ஓட்டுவது என்று எழுதினார். பகலில் போனால் அங்கிருந்து மலை தெரியும். மாமா படித்துப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

கிளம்பினார்கள். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு, நேர் ரோட்டில், மழையில், மாமா பிரேக்கை மிதித்தார். எதிரே ரயில் பாலம். உயரம் பன்னிரண்டு அடி என்று பலகை.

"போங்க. நம்ம வண்டி பதினொன்றரைதானே" என்றார் அத்தை.

மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். நனைந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து ஜன்னலருகில் நின்றவர் முகத்தில், பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்த பிள்ளையின் களை.

"மேல ஒரு தண்ணித் தொட்டி வெச்சிருக்கேன்..."

"எப்போ?"

"கிளம்பின அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி. உனக்கு மூட்டு வலி. வெயில்ல தண்ணி தானா சூடாகும், திடீர்னு திறந்துவிட்டு உன்னை அசத்தலாம்னு..."

"எவ்வளவு உயரம்?"

"ஒன்றரை அடி."

"கழட்டுங்க."

"வெல்டிங் பண்ணிட்டேன்டி."

முப்பத்தொரு வருஷமாக டிரைவர்களிடம் "வண்டிப் புத்தகத்தை நம்பாதே, கயிறு போட்டு அள" என்று சொன்னவர், தன் வண்டியை மட்டும் கிளம்பும்போது அளக்காமல், புத்தகத்தில் பார்த்து எழுதியதையே நம்பிவிட்டார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஓரம்கட்ட இடமில்லை. மாமா மலைப் பெயரை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

அத்தைதான் சொன்னார். "திருப்புங்க. மலை ரோட்டுலயே போவோம்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு வாய்திறந்து சொன்ன முதல் வழி.

மலை ஏறினார்கள். மழை விட்டது. ஒன்று... இரண்டு... அத்தை வளைவுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார். ஆறாவது வளைவு தாண்டியதும் வண்டிக்குள் ஒரு வாசனை. பெட்ரோல் வாசனை. அவர்களுடையது டீசல் வண்டி.

அப்போதுதான் போன் அடித்தது.

திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பெயர் மட்டும் இருந்தது. 'பாப்பா.' அந்த நம்பரை ரத்து செய்ய, மாமாவோடு போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவர் அத்தைதான். மாமாவைப் பார்த்தார். மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மணி கேட்டதாகத் தெரியவில்லை.

அத்தை எடுத்தார்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தம். டயருக்குக் காற்றடிக்கிற குழாயின் புஸ்ஸ்... அதற்கு நடுவில், மெல்லுகிற சத்தம். கறுக், கறுக் என்று.

"அம்மா, மலை ரோடா, நேர் ரோடா?"

அத்தை போனைக் காதோடு அழுத்தினார். அவருக்கு வழி சொல்லத் தெரியும். அதை அவர் வாய் மறக்கவில்லை.

"நேர் ரோடு. நேர் ரோட்டுலயே வா, கண்ணு. மலையில ஏறாத."

"லாரியா இருக்குமேம்மா."

"இருக்கட்டும். மெதுவா வா."

"சரிம்மா. நீ தூங்கு."

வைத்துவிட்டாள். பெட்ரோல் வாசனையும் போய்விட்டது. ஈர மண் வாசனை மட்டும் இருந்தது.

ஏழு. எட்டு. ஒன்பதாவது வளைவில் அத்தை "நிறுத்துங்க" என்று கத்தினார். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டார். டார்ச்சோடு ஓடினார். கல் இல்லை. நட்ட குழி இல்லை. சரிந்த மண்ணுக்காக அரசாங்கம் கட்டிய புதுச் சுவரும் இல்லை. புல்... பாசி பிடித்த பழைய பாறை... சரிவு நடந்ததற்கான சுவடே இல்லை. அத்தை திரும்பி ஓடிவந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"கல்லைக் காணோங்க! கல்லே இல்லைங்க!"

"எந்தக் கல்லு?" என்றார் மாமா.

"பாப்பா கல்லு! அவ இந்தப் பக்கம் வரலை... வரவே இல்லை!"

மாமா இன்ஜினை அணைத்தார். களக்... என்று தொட்டி ஒருமுறை புரண்டு அடங்கியது. அவர் அத்தையின் தலைமேல் கை வைத்தார்.

"இப்பத்தானேம்மா பார்த்துட்டு வந்தோம். பாலத்துக்கிட்ட. நீதானே மழையில இறங்கிப் போய்க் கட்டிப்பிடிச்சுட்டு நின்னே... நான்தானே தூக்கிட்டு வந்தேன்."

அத்தை தன் கைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் நனைந்த சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"நீ நேர் ரோட்டுல வரச் சொன்னதால இல்லடி" என்றார் மாமா. "லாரிக்காரன் தூங்கிட்டான். எத்தனை தடவை சொல்றது?"

அதே குரல். ஆறு வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே குரல்.

கலங்கரை விளக்கத்துக்கு அவர்கள் போகவில்லை. அங்கிருந்தே வீடு திரும்பிவிட்டார்கள். என் கூட்டாளியைக் கேட்டேன். பாலம்தான் என்கிறான். கல் நட்ட அன்றைக்குச் சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதே அவன்தானாம். மலையில் மண் சரிந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஒரு பிள்ளை இரண்டு ரோட்டிலும் செத்தது அத்தை ஒருவருக்குத்தான் தெரியும்.

அத்தை அதற்காகக்கூட அழவில்லை. இன்னொன்றுக்காக அழுதார். "வராதேன்னு சொல்லியிருக்கலாமேடா" என்றாராம் அவனிடம். "அங்கேயே படுத்துத் தூங்கு, காலையில வான்னு சொல்லியிருக்கலாமே. இந்த ரோடா, அந்த ரோடான்னு கேட்டா, எதுலயும் வேண்டாம்னு சொல்ல எனக்குத் தோணலையே. ரெண்டு தடவையும் தோணலையே."

ஒரு வருஷம் அதையே சொல்லிப் பழகினார். துணி மடிக்கும்போதும், அரிசி களையும்போதும் உதடு அசையும். எங்கேயும் போகாத. அங்கேயே நில்லு. நாங்க வர்றோம். மாமா பார்த்துக்கொண்டிருப்பார். 

மலையில் போன் வந்த அந்தத் தேதி மறுபடி வந்தது. கேரவன் வாசலில் நின்றது. அத்தை அதற்குள் போய், தன் சீட்டில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். மாமாவும் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், சாவியைப் போட்டுத் தயாராக. எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அத்தை உட்கார்ந்தால் அவர் உட்காருவார், அவ்வளவுதான்.

இரண்டே முக்கால். முதலில் பெட்ரோல் வாசனை. பிறகு மணி.

"அம்மா, மலை ரோடா..."

"எதுலயும் வேண்டாம்!" அத்தை அலறினார். "எங்கேயும் போகாத! அங்கேயே நில்லு, கண்ணு. பங்க்கை விட்டு நகராத. அப்பாவும் நானும் வர்றோம். அங்கேயே நில்லு!"

மெல்லுகிற சத்தம் நின்றது. மழைச் சத்தம் இல்லை. காற்றடிக்கிற குழாயும் இல்லை. 

"அங்கேயேதாம்மா நிக்கிறேன்" என்றாள் மகள், மெதுவாக, கோபமே இல்லாமல். "நீங்க வர்றேன்னதுலேருந்து எவ்வளவு நேரமா நிக்கிறேன்... பங்க்ல லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் போயிட்டாங்கம்மா."