வெயிலில் வைத்த பானை

– பொய் சொல்லாதம்மா. பானைக்குள்ள யாரு கைய வுட்டது?

– நான் ஏண்டி வுடப்போறேன்? நண்டுக் கொடுக்கப் பாத்தாலே எனக்குக் கொல நடுங்குது.

– காலையில நான் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்குக் கெளம்புறப்ப ஆறு நண்டும் நல்லா இருந்துச்சு. ஸ்கூல்ல பாடம் எடுத்துட்டு வந்து பாக்குறேன், ஆறும் மல்லாக்கக் கெடக்குது. நெழல்ல வச்ச பானையில ஒண்ணும் சாவல. வாசல் வெயில்ல வச்ச பானையிலதான்.

– என்னமோ, வெயிலு கொன்னுருக்கும். பங்குனி வெயிலு மனுசனையே சுருட்டுது.

– திங்கக்கெழமையிலேருந்து இதே வெயிலுதானே? நேத்து வரைக்கும் ஒண்ணுமே ஆவலயே?

– என்னமோ போ. மூஞ்சி கழுவிட்டு வா பாத்திமா, காப்பி வச்சிருக்கேன்.

– காப்பி கெடக்குது. நாளைக்கு எங்க சார் பரங்கிப்பேட்டை காலேஜ்லேருந்து வரார். இந்த நண்டப் பாக்கத்தான் வரார்.

– வரட்டும். ஒரு வாய் சோறு போட்டு அனுப்புவோம்.

– எதக் காட்டுறது அவருக்கு? கிறிஸ்மஸுக்கு வூட்டுக்கு வந்தவள, படிச்சது போதும்னு அப்பா நிறுத்திட்டார். அப்புறம் என்ன சொன்னார்? ஒங்க சார் வந்து ஒன் வேல உருப்படின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும், திரும்பப் போ. இல்லன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் ஏலாக்குறிச்சி மாப்ளைக்குக் கோயில்ல கல்யாண ஓல வாசிச்சிரலாம்னாரு. நீயும் பக்கத்துலதானே நின்ன?

– அந்தப் பையனும் ஒண்ணும் மோசமில்ல.

– இரும்மா. பக்கத்து வூட்டு ஆண்டாயி அக்கா வந்துச்சா?

– வந்துச்சு. தவக்காலத்துல வாசல்ல நண்ட வச்சிக்கிட்டு கொழம்பு வைக்காம இருக்கிங்களே, ஒங்களுக்குத்தான் மோட்சம்னு சிரிச்சிட்டுப் போச்சு.

– சோப்புத் தண்ணி கிண்ணி ஊத்திச்சா?

– அது பாவம். அத இழுக்காத.

– அப்ப அப்பாதான்.

– என்னடி பேசுற?

– அவருக்குத்தான் நான் போவக்கூடாது. ஒரு கொடம் கெணத்துத் தண்ணிய ஊத்தினாப் போதும், பரங்கிப்பேட்டையிலேருந்து நான் கொண்டாந்த கடல் நண்டு தாங்காது. இது தெரியாதவரா?

– அவரு விடியக் காத்தால முந்திரித் தோப்புக்குப் போனவரு.

– நடுவுல வந்திருப்பார். இப்ப வரட்டும், கேக்குறேன். நாளைக்கு சார் முன்னாடியும் கேக்குறேன்.

– கேக்காத. கைய நீட்டிருவாரு.

– நீட்டட்டும்.

– மெதுவாப் பேசு. மொதல்ல இதச் சொல்லு. இவ்வளவு வெயில்ல அதுங்க எப்புடித்தான் தாங்குச்சாம்?

– அதாம்மா என் படிப்பே. சூடு ஏறினா மூச்சு வேகமா வாங்கும். தீனி எடுக்காது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒடம்ப வெளிய நீட்டப் பாக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கும். நம்ம பக்கத்து நண்டு இவ்வளவு சீக்கிரம் பழகும்னு நானே நெனைக்கல. புதன்கெழமையே சாருக்கு எழுதிப் போட்டுட்டேன்.

– எழுதியே போட்டுட்டியா?

– ஆமா. அதுக்கென்ன?

– மத்தியானத்துல அந்தத் தண்ணி எவ்வளவு சுட்டுச்சுன்னு நீ பாத்தியா?

– மத்தியானம் நான் கிளாஸ்ல நிப்பேன். சாயந்திரம் வந்து தெர்மாமீட்டர் வுட்டுப் பாப்பேன். மத்தியானச் சூட்டுக்குக் கூடக் கொஞ்சம் சேத்துக் கணக்குப் போட்டுக்குவேன். ஒனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?

– நேத்து சோறு திங்கறப்ப என்னமோ பனி தேசம்னியே.

– நார்வேம்மா. அங்க கடல் வருசம் பூரா சில்லுன்னு கெடக்கும். அந்த நண்டுங்களுக்குச் சூடுன்னா என்னன்னே தெரியாது. தண்ணி லேசா சுட்டாலும் ஆழத்துக்கு எறங்கும், இன்னும் வடக்கே நகரும். அங்கயும் சூடு வந்துட்டா எங்க போவும்? நம்ம நண்டுக்கு இருக்குற பழக்கம் அதுக்கு வருமான்னு பாக்க ஆள் கேக்குறாங்க. சார் என்னத்தான் அனுப்புறேன்னாரு.

– எத்தன வருசம்னு சொன்ன?

– நாலு. அஞ்சு கூட ஆவும்.

– பரங்கிப்பேட்டைன்னா காலையில பஸ் ஏறி, ஒன்னப் பாத்துட்டு, பொழுது சாய வூடு வந்துரலாம்னு இருந்தேன்.

– பேச்ச மாத்தாதம்மா. வண்டிச் சத்தம் கேக்குது. அப்பாதான். நான் போயி கேக்குறேன்.

– நில்லுடி. அவரு தொடல.

– ஒனக்கெப்புடித் தெரியும்?

– என் கைய வுடு, சொல்றேன். அதுங்க செத்தா ஒன் படிப்பு போயிடும்னு எனக்குத் தெரியும். நீ பஸ் ஏறினதும், குடிக்கிற தண்ணிப் பானைக்குச் சுத்துற மாதிரி அந்தப் பானைக்கு ஈரச் சாக்கு சுத்துவேன். மேல ஒண்ணு போத்துவேன். காஞ்சா திரும்பவும் நனைப்பேன். மூணு மணி பஸ் சத்தம் கேட்டதும் எடுத்துருவேன். சாயந்திரம் நீ வர்றதுக்குள்ள தண்ணி சுட்டுக்கும்.

– அம்மா... அப்ப அதுங்க வெயிலப் பழகவே இல்லையா? நான் எழுதினது பூரா... இரு. சாக்கு போத்தியிருந்தா இன்னைக்கு ஏன் செத்துச்சு?

– இன்னைக்குப் போத்தல பாத்திமா.