உச்சிகால மணிக்கு முன்னால்

விலை பேசாம நான் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கினதில்லை சார். கஞ்சத்தனம்னு நினைச்சுடாதீங்கோ. கிண்டியில ஒரு கம்பெனியில பர்ச்சேஸ் பாக்கறேன், பேரம்தான் என் உத்தியோகம். போல்ட்டு, நட்டு, கிரீஸ், எதுவானாலும் சப்ளையர் ஒரு விலை சொல்லுவான், நான் ஒண்ணு சொல்லுவேன், நடுவுல எங்கேயாவது வந்து நிப்போம். அதுல ஒரு மரியாதை இருக்கு. சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டறவனை விக்கறவனே மதிக்க மாட்டான். நான் பேசி இறங்கி வராத ஆளை அதுவரைக்கும் பார்த்ததில்லை. பத்ரிநாராயணன் மாமாதான் முதல்.

எழுதிக்கறவர் மெதுவாவே எழுதட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.

கல்யாணமான நாள்லேர்ந்து மேற்கு மாம்பலத்துல ஒரு போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரர் மோட்டார் போட்டாத் தண்ணி, போடலைன்னா இல்லை. என் ஆத்துக்காரி சாருலதா குடத்தை வெச்சுண்டு அவா வாசல்ல நிப்பா. ஒரு நாள் வீட்டுக்காரி, "ரெண்டே பேர், எப்படித்தான் இவ்வளவு தண்ணி செலவாறதோ"ன்னு கேட்டுட்டா. சாருலதா பாதிக் குடத்தோட திரும்பி வந்துட்டா. எனக்கு சாதம் போடறச்சேதான் சொன்னா, "எனக்கு நகை வேண்டாம், பட்டுப்புடவை வேண்டாம். என் குழாயை நான் திறக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்." அந்த வாரமே பேங்க்ல லோனுக்கு எழுதிக் கொடுத்தேன். இது தொண்ணூத்தஞ்சுல.

மாமாவோட ஃப்ளாட்டு கபாலி கோவில் தெற்கு மாடவீதியிலேர்ந்து பிரியற சந்துல, ரெண்டாவது மாடி. சமையலுள் ஜன்னலைத் திறந்தா கோபுரம். மாமி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. பிள்ளை ஸ்ரீநாத் அமெரிக்காவுல. வீட்டை வித்துட்டு அவனோட போய் இருக்கறதா மாமாவுக்கு எண்ணம். பேங்க் கொடுக்கறதும் என் சேமிப்பும் சேர்ந்து, அவர் சொன்ன விலைக்கு ஒரு லட்சம் குறைஞ்சுது. ஒரு லட்சம்தானே, பேசினா வந்துடும்னு நினைச்சேன்.

ஹால் சுவர்ல ஓதம் இருக்குன்னு காட்டினேன். "ஓய் வேம்பு, அது ஓதம் இல்லை, மயிலாப்பூர். பிடிக்கலைன்னா மடிப்பாக்கம் போய்க் கொசுவோட குடித்தனம் பண்ணும்"னார். லிஃப்ட் இல்லையேன்னேன். "கோபுரம் இருக்கே, அதுக்கா தனியா விலை போட்டேன்?" வாராவாரம் போனேன். வாராவாரம் அதே விலை. ஒரு தரம் வேலைக்காரி தேசம்மாவைக் கூப்பிட்டு, "இவருக்கு வீடு வேண்டாம்டி, ஓசிக் காப்பிதான் வேணும்"னார். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எனக்கு மாம்பலம் வரைக்கும் வலிச்சுது.

ஆனா அவர் மேல எனக்கு விரோதம் இல்லை சார். ஒரு நாள் பேசிண்டிருக்கறச்சேயே மாரைப் பிடிச்சுண்டு பிரம்பு நாற்காலியில சாஞ்சுட்டார். பக்கத்து ஸ்டூல்ல ஒரு குட்டி பாட்டில் இருக்கும், நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை. நான்தான் எடுத்து வெச்சேன். நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன். அவர் கண்ணைத் திறக்கற வரைக்கும் கையை விடலை. அதுக்கப்புறம் மாடவீதி முழுக்க, "வேம்பு என் உயிரைக் காப்பாத்தினவர்"னு சொல்லிண்டிருந்தார். தேரடிகிட்ட நெய்க்கடைக்காரரை வேணும்னா விசாரிச்சுப் பாருங்கோ. அவர் பிழைச்ச அன்னிக்குப் பூச நட்சத்திரம்.

அடுத்த வாரம் போனேன். உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு லட்சம் பெரிசான்னு நான் வாயால கேக்கலை. எதிர்பார்த்தேன். அவருக்குப் புரிஞ்சுடுத்து. "உயிர் வேற, வீடு வேற ஓய்"னு சொல்லிக் காப்பியை நீட்டினார். வயிறெரிஞ்சுது சார், அதை மறைக்க மாட்டேன்.

நட்சத்திரம் எதுக்குச் சொன்னேன்னு பார்க்கறேள். எங்கள்ல அடைப்புன்னு ஒண்ணு உண்டு. அவிட்டம், சதயம், ரேவதி மாதிரி சில நட்சத்திரத்துல ஒருத்தர் போயிட்டா, அந்த வீட்டை ஆறு மாசம் பூட்டணும். விளக்கேத்தப்படாது, யாரும் குடியிருக்கப்படாது. அந்த மாதிரி வீட்டை விக்கணும்னா, வாங்க வர்றவன் படிகூட ஏற மாட்டான். மாம்பலத்துல எங்க தெருக்கோடி வீடு அப்படித்தான் பாதி விலைக்குப் போச்சு. எனக்கு ஆறு மாசம் ஒரு கஷ்டமே இல்லை. இத்தனை வருஷம் குடம் தூக்கியாச்சு, இன்னும் ஆறு மாசம் தூக்கினா என்ன. அப்புறம் புண்யாகவாசனம் பண்ணி வீட்டைச் சுத்தப்படுத்திண்டு குடி போயிடலாம். பூசத்துல போயிருந்தா ஒண்ணும் கிடையாது. வீடு பிள்ளைக்குப் போகும், விலை அப்படியே நிக்கும். யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அதனால நாள் பார்த்தேன். நல்ல காரியத்துக்கு எல்லாரும் பார்க்கறதுதானே.

அன்னிக்கு ரேவதி, பகல் ரெண்டு மணி வரைக்கும். ஆபீசுக்கு லீவு சொல்லிட்டுப் போனேன். தேசம்மா காலை வேலை முடிச்சுண்டு போயிருந்தா. உச்சிகால மணி அடிக்கற சமயத்துக்குத்தான் திரும்ப வந்து பாத்திரம் தேய்ப்பா. மாமா காப்பி கலக்க உள்ளே போனப்போ, பாட்டிலை எடுத்து பீரோ மேல வெச்சேன். அப்புறம் பேச ஆரம்பிச்சேன். விலையைப் பத்தி இல்லை, பிள்ளையைப் பத்தி. "கூட்டிண்டு போறவன் எப்பவோ கூட்டிண்டு போயிருப்பான். ஞாயித்துக்கிழமை தவறாம ஐ.எஸ்.டி. பூத்ல நீங்க நிக்கறேள், அவன் ஒரு தரமாவது கூப்பிட்டானா? வீடு வித்த பணம் கைக்கு வந்ததும் உங்களை ஏதாவது இல்லத்துல விட்டுடுவான்"னேன். அவருக்குக் கோபம் வந்தா மாரு வலிக்கும்னு எனக்குத் தெரியும். நன்னாவே தெரியும்.

ஸ்டூலைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார். "வேம்பு"ன்னார், ஓய் போடாம. நான் நாற்காலியை விட்டு எழுந்துக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "குறைச்சுக்கறேன்"னார். சன்னமாத்தான் சொன்னார், ஆனா தெளிவாக் காதுல விழுந்துது. அந்த நிலைமையில ஒருத்தர் சொல்ற விலையை நான் எடுத்துக்கறதில்லை சார். அது நியாயம் இல்லை.

அவரை நான் தொடலை. மூச்சு நின்னதும் பாட்டிலைத் திரும்ப ஸ்டூல்ல வெச்சேன். என் டம்ளரை அலம்பிக் கவிழ்த்தேன். படி இறங்கறச்சே கோவில்ல உச்சிகால மணி அடிச்சுது.

எல்லாம் சரியாத்தான் இருந்தது. தேசம்மாதான் கெடுத்தா. அன்னிக்குப் பார்த்து அவ தெருவுக்குத் தண்ணி லாரி வந்துடுத்து. குடத்தோட வரிசையில நின்னுட்டு சாயங்காலம்தான் வந்திருக்கா. கீழ் வீட்டுக்காரர்கிட்ட ஓடி, "பெரியவரு நாற்காலிலயே சாஞ்சிக்கினு கீறாரு சார், இன்னா கூப்ட்டாலும் பேச மாட்றாரு"ன்னு அழுதிருக்கா. டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு, உடம்பு சூடா இருக்கு, இப்பத்தான் கொஞ்சம் முன்னாடின்னு சொல்லிட்டார். வெயில் காலத்துல எந்த உடம்புதான் சூடா இல்லை.

பதிமூணாம் நாள் சாப்பாட்டுக்கு ஸ்ரீநாத் எங்களை வரச் சொல்லியிருந்தான். உயிரைக் காப்பாத்தினவன் இல்லையா. சாப்பிட்டதும் இதமாத்தான் ஆரம்பிச்சேன். "நீ ஊருக்குத் திரும்பணும். அடைப்பு வீட்டை யாரும் சீந்த மாட்டா. நான் எடுத்துக்கறேன், ஒரு லட்சம் மட்டும் குறைச்சுக்கோ"ன்னேன்.

சாஸ்திரிகள் திரும்பிப் பார்த்தார். "அடைப்பா? யார் சொன்னா? மூணு மணிக்கு மேல போயிருக்கார். அஸ்வினி. ஒரு தோஷமும் இல்லை, நாளைக்கே குடி வரலாம்."

"அப்பா சொன்ன விலைதான் வேம்பு சார்"னான் ஸ்ரீநாத். "அப்பா கடைசி வரைக்கும் இறங்கலை. நானும் இறங்கப் போறதில்லை."

ரெண்டும் பொய். எனக்கு மத்த எதுவும் பொறுக்கும், விலை பேசற இடத்துல பொய் பொறுக்காது. "உச்சிகால மணி அடிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். ரேவதிதான்"னேன்.

எச்சில் இலை எடுத்துண்டிருந்த தேசம்மா நிமிர்ந்தா. "அன்னிக்கு நீ எப்ப சார் வந்தே?"

சாருலதா என் கையைப் பிடிச்சு அழுத்தினா. நான் அதுக்குள்ள அடுத்ததையும் சொல்லிட்டேன்: "உங்கப்பா கடைசியில குறைச்சுக்கறேன்னுதான் சொன்னார்." சாருலதா கையை எடுத்துண்டுட்டா. அதுலேர்ந்து என்னோட பேசலை. இங்கே ஸ்டேஷனுக்கும் வரலை. குழாய் கேட்டது அவ. அது அவளுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியலை.

எல்லாம் எழுதியாச்சா சார்? உச்சிகால மணிக்கு முன்னாடிங்கறதை மட்டும் அடிச்சுத் திருத்தாம தெளிவா எழுதச் சொல்லுங்கோ, கையெழுத்துப் போடறேன். ஸ்ரீநாத் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள அவனுக்கு இதோட நகல் ஒண்ணு கொடுத்துடணும். ரேவதின்னு போலீஸே எழுதிக் கொடுத்தப்புறம், அந்த வீட்டுக்கு அவன் பழைய விலையைச் சொல்ல முடியாது.