லேட்டா, டிலேயா

சின்னசேலத்துக்கு முன்னால், இடஒதுக்கீடு கேட்டு ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவளுக்கு அன்று சேலத்தில் இன்டர்வியூ. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இங்கிலீஷில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“லேட்டுனு போடு.”

“லேட்டுன்னா நான் தூங்கிக்கினு கெடந்த மாதிரி இருக்கும். டிலேன்னாதான் வழியில தடங்கல்னு தெரியும்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மே.”

“ஒங்களுக்கு ஒண்ணு. வேலை குடுக்கறவங்களுக்கு?”

“எத எழுதனாலும் நம்புவாங்களா?”

“சாட்சி இருந்தா நம்புவாங்க.”

அவள் பையும் கடிதமுமாக இறங்கிப்போய், கோடாலியோடு நின்றவரிடம் நீட்டினாள். “மரத்த வெட்டனது நீங்கதான்னு ஒரு கையெழுத்து போடுங்கண்ணே.”

அவர் சிரித்துவிட்டார். “போலீசு நேரா என் வூட்டுக்கு வந்துடும்மா. இன்னா வேலைக்குப் போற?”

“டீச்சர் வேலைக்குங்க.”

“நாங்க மரத்த வெட்டனதே வேலை கேட்டுத்தாம்மா.”

அவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தின் மேல் ஏறி நின்றார். அந்தப் பக்கம் ஒரு பஸ் சேலத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கத்தினார்.

“யோவ், வண்டிய நிறுத்து! டீச்சரம்மா வராங்க!”