நாற்பத்தேழாம் நம்பர் கயிறு

எங்கள் மெஷின் அறைக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது. அது நான் வைத்த சட்டம். துறைமுகத்து உப்பும் தூசியும் பட்டால் அட்டைகள் நமுத்துப்போய் மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும். நீங்களும் கழற்றிவிட்டுத்தான் வந்தீர்கள், ஐயா. படித்தவர்களிடம் சொல்லவே வேண்டியதில்லை.

கப்பல் சரக்கு இறக்கும் எங்கள் கம்பெனி எழுபத்தாறில் இந்த மெஷினை வாங்கியது. ஒவ்வொரு கிரேனின் இரும்புக் கயிற்றுக்கும் ஓட்டை போட்ட அட்டை ஒன்று உண்டு. கழற்றிச் சோதிக்க வேண்டிய கயிறுகளைத் திங்கள்தோறும் மெஷின் பட்டியல் அடித்துக் கொடுக்கும். பட்டியலில் வராத கயிற்றை யாரும் தொட மாட்டார்கள். இதை ஓட்டத் தெரிந்தவன் நயினாராகிய நான் ஒருவன்தான்.

சங்கரபாண்டியன் என் தங்கை அருணாசலவடிவின் கணவன். கிரேனுக்குக் கீழே நிற்கிற சூப்பர்வைசர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைவான். என் தங்கை அதையும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் மாதமே பட்டியல் குட்டையாக வந்தது. மூன்று நாள் தேடினேன். மெஷினைக் கழற்றித் துடைத்தேன், அட்டைகளைத் திரும்ப அடுக்கினேன். நான்காம் நாள் அவன் வந்து, கட்டின் முதல் அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். எத்தனை நாளுக்கு ஒரு சோதனை என்று மெஷினுக்குச் சொல்வது அந்த அட்டைதான்.

"மச்சான், இதுல நூத்தியெம்பதுன்னுல்லா ஓட்டை விழுந்திருக்கு. இங்கன உப்புக் காத்துக்கு அறுபது நாளைக்கு ஒருக்க கழத்தணுமே."

மெட்ராஸிலிருந்து மெஷினோடு வந்த அட்டை அது. அதை யார் சந்தேகப்படுவார்கள்? கிரீஸ்காரர்கள்தான் சந்தேகப்படுவார்கள்.

வாசலில் கிரேன் மேஸ்திரி சந்தியாகு நின்றிருந்தார். பெரியதாழைக்காரர், ஒரு காலத்தில் முத்துக் குளித்தவர். "அண்ணாச்சி, நாங்க கடல்ல முங்கும்போது பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் மேல கயித்தப் பிடிப்பான். தங்கச்சி தாலி அவன் கையிலல்லா இருக்கு. இங்கன என்னடான்னா மாப்பிள்ளையே தன் கயித்தப் பிடிச்சுக்கிடுதாரு."

அறையே சிரித்தது. அவனும் சிரித்தான், கள்ளமில்லாமல். கள்ளத்தோடு சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அறுபது என்று புது அட்டை போட்டார்கள். அதன்பின் மெஷின் லேசாக முனகினாலும் "மாப்பிள்ளையக் கூப்பிடுங்க" என்றுதான் பேச்சு.

மெட்ராஸ் அட்டை என் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அதையே திரும்ப வைத்தேன். பட்டியல் குறையும், அவன் திணறுவான், "நீங்களே பாருங்க மச்சான்" என்று என் முன்னால் வந்து நிற்பான், நான் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன். என் திட்டம் அவ்வளவுதான்.

யாரும் வரவில்லை. மாப்பிள்ளை சரிசெய்தது என்று எல்லோருக்கும் அத்தனை நம்பிக்கை. நாற்பத்தேழாம் நம்பர் கயிறு அறுபது நாளைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது. அது எந்தக் கிரேனில் ஓடுகிறது, அதன் கீழே நிற்பது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு திங்கள் மத்தியானம் அவன் வந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு.

"மச்சான், நாப்பத்தேழு இன்னும் வரலியே. பட்டியல் சரிதானா?"

கேட்கும்போதும் சிரித்தான். திணறுகிறவன் சிரிக்க மாட்டான்.

"நீங்க சரிபண்ணினதுல்லா மாப்பிள்ளை. தப்பா வருமா?"

"மச்சான் சொன்னா சரிதான்" என்று போய்விட்டான்.

புதன்கிழமை உர மூட்டைகளோடு கயிறு அறுந்து அவன் மேல் விழுந்தது.

அட்டையை மாற்றியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். தெரிந்துதான் வைத்தேன், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தாலியிழந்த தங்கை வடிவை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். என்னோடு பேசுவதில்லை, அவளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? சீக்கிரம் எழுதி முடித்தால் நல்லது, ஐயா. நான் போனால்தான் அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். கூடப்பிறந்தவன் நான் இருக்கும்போது அவளைக் கைவிட்டுவிடுவேனா?